எங்கள் சங்கீத ரீச்சருக்குப் பொன்னாடை வேண்டாம்: பழைய மாணவர் சங்க வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகளின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லோருக்கும்,

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் சங்கீத ரீச்சரின் பெயரில் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு புலமைப்பரிசில் நிதியம் தொடங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். தை மாதம் நீங்கள் ஊருக்கு வரும்போது பாடசாலை மண்டபத்தில் விழா வைத்து, ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தி, உயர்தரத்தில் கூடிய இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி, எடுத்த பத்துப் பிள்ளைகளுக்கு அவரின் கையாலேயே காசோலை கொடுப்பது என்றும் இருந்தது. அவரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தீர்கள்.

கேட்டேன்.

"என்ன மாஸ்டர், எனக்கு உயிரோட திவசமோ?" என்றா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இதைத் தனிக் கடிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் நாலு கிளைக்கும் நாலு விதமாகச் செய்தி போய், கடைசியில் "கிழவி பிடிவாதம் பிடிக்குதாம்" என்று முடியும். உங்களைப்போல் நல்ல மனதோடு வேறு பாடசாலைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ரீச்சரின் பாடவேளைகளைத் திருடியவன் நான்தான். பத்தாம், பதினோராம் வகுப்புக்குச் சாதாரணதரப் பரீட்சை நெருங்கினால் கணிதத்துக்கு நேரம் காணாது. அதிபரிடம் போய் நிற்பேன். அதிபர் நேரசூசியைப் பார்ப்பார். முதலில் வெட்டுப்படுவது சங்கீதம், பிறகு சித்திரம், பிறகு உடற்கல்வி. ரீச்சர் ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. சுருதிப் பெட்டியைத் துணியால் மூடி வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய்விடுவா. அப்படி எடுத்த நேரத்தில் படித்த பிள்ளைகளில் சிலர்தான் பிறகு உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்து, கம்பசுக்கு எடுபட்டு, பொறியியலுக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அவ இன்றைக்கு மாதாமாதம் காசு கொடுக்கிறா. இதை நினைக்கும்போது எனக்கு வரும் கூச்சம் உங்கள் மேடையில் ஏறி மாலை போட்டால் தீராது.

ஏன் பொறியியல்? உங்களில் பலர் இதைத்தான் கேட்டிருந்தீர்கள். சங்கீதம் படிப்பித்தவர் மருதனார்மடத்தில் இசை படிக்கும் பிள்ளைகளுக்கு அல்லவா உதவ வேண்டும் என்று சிட்னிக் கிளைத் தம்பி ஒருவர் தனியாகவும் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. பதில் ஒரு சுவர் வெடிப்பில் இருக்கிறது.

ரீச்சரின் சொந்த ஊர் முருங்கன் பக்கம் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்வெளி. அங்கத்தைய மண் கிளிநொச்சி மண் மாதிரி இல்லை. கறுத்த களி. மாரியில் காலை வைத்தால் செருப்பு திரும்பி வராது. கோடையில் கை போகுமளவுக்குப் பிளந்து கிடக்கும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை ஓடிய காலத்தில் அதற்குக் களிமண் முருங்கனிலிருந்துதான் போனது. இடப்பெயர்வெல்லாம் முடிந்து, மெனிக் பாம் முகாமும் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு வீட்டுத்திட்டம் வந்தது. ரீச்சரும் ஒரு வீடு கட்டினா. மூன்றாம் வருசம் முன் அறைச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் குறுக்காக ஒரு வெடிப்பு. பூசினா. அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்பவும்.

2016 ஆவணி. அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தா. கையில் கொஞ்சம் காசு இருந்ததால் வடிவாகப் பூசி முடிப்போம் என்று ஒரு மேசனைப் பிடித்தா. மேசனோடு கலவை குழைக்க ஒரு பெடியன் வந்திருந்தான். எங்கள் பாடசாலையில் படித்தவன். எட்டாம் வகுப்பில் சங்கீதம் எடுத்தவன், சுருதியோடு ஒருநாளும் சேராத குரல். மேசன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பெடியன் மெல்லச் சொன்னானாம்: "ரீச்சர், இதைப் பூசிப் பிரயோசனமில்லை. திருப்பி வெடிக்கும். பிழை சுவரில இல்லை, மண்ணில. மாரிக்கு வீங்கும், கோடைக்குச் சுருங்கும். அத்திவாரம் அந்த அசையிற மண்ணுக்குள்ளதான் நிக்குது. அதுக்குக் கீழ ஆழமாப் போயிருக்கோணும், இல்லாட்டி களியை வெட்டி எடுத்துப்போட்டுக் கிறவல் நிரப்பி இறுக்கியிருக்கோணும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"கம்பஸில படிப்பிக்கிறாங்கள் ரீச்சர். மண் பொறியியல் எண்டு ஒரு பாடம்."

"நீ கம்பஸோ? அப்ப ஏன்டா இஞ்ச நிக்கிறாய்?"

விடுமுறை நாளுமில்லை அது. கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பொறியியற் பீடத்தில் இரண்டாம் வருசம் படிக்கிறவன், போர்டிங் காசு இரண்டு மாதம் கட்டாததால் மாமன் வீட்டில் நின்று கூலிக்குக் கலவை குழைத்துக்கொண்டிருந்தான். இனித் திரும்பிப் போவதா என்பதையே அவன் முடிவெடுக்கவில்லை. அன்றிரவு ரீச்சர் எனக்குத் தொலைபேசி எடுத்தா. "உங்கட பிள்ளை மாஸ்டர், என்ர வீட்டில சீமெந்து குழைக்குது" என்றா. அடுத்த நாள் மேசனுக்கு அரைநாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, பூசுவதற்கு வைத்திருந்த காசைப் பெடியனின் கையில் வைத்திருக்கிறா.

அந்த வெடிப்பு இன்றைக்கும் இருக்கிறது. மேலே ஒரு கலண்டர் தொங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கு முதல் அணி வந்தது 2014இல். கிளிநொச்சியில் அப்படியொரு பீடம் வேண்டும் என்று கனவு கண்டவர் 1988 முதல் 1994 வரை துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அழகையா துரைராசா. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளில் திரிந்த துணைவேந்தர் என்று என் தலைமுறைக்குத் தெரியும். அவருடைய துறை மண்தான். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து 1963இல் அவர் எழுதிய கட்டுரை களிமண் அழுத்தத்துக்கு எப்படி இளகிக் கொடுக்கிறது என்பதைப் பற்றியது. மண் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உலகெங்கும் இன்றைக்கும் அதைத் தொட்டுத்தான் போகிறார்கள். 1994இல் அவர் போய்ச் சேர்ந்தார். இருபது வருசம் கழித்துப் பீடம் வந்தது. வந்த பீடத்தில் படித்த பிள்ளை, முருங்கன் களியைப் பற்றி ஒரு சங்கீத ரீச்சருக்கு வகுப்பெடுத்திருக்கிறான், கையில் சாந்தகப்பையோடு. ரீச்சருக்கு துரைராசா சேரைப் பற்றி நான்தான் பிறகு சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்கட மண்ணைத் தெரிஞ்ச பிள்ளையள் எங்களுக்கு வேணும்தானே" என்றா. அவவின் விளக்கம் அவ்வளவுதான். சிட்னித் தம்பிக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இனி அவ கொடுக்கும் விதம். இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் திட்டம் இதற்கு நேர்மாறு.

ஓய்வு பெற்றபோது கிடைத்த மொத்தக் காசு நிலையான வைப்பில் கிடக்கிறது. அதன் வட்டி, பிறகு வீட்டில் சின்னப் பிள்ளைகளை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவதில் வரும் ரியூசன் காசு, இரண்டும் பிள்ளைகளுக்கு. பென்சன் தனக்கு. பென்சன் விழும் பத்தாந் திகதி வங்கிக்குப் போகிற கையோடு பிள்ளைகளின் கணக்குகளுக்குக் காசு போடுவா. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் இல்லை. தொடங்கும்போது ஆளுக்கு 3,000 ரூபாய். 2022இல் விலையெல்லாம் தலைகால் தெரியாமல் ஏறியபிறகு 5,000. ஒன்பது வருசத்தில் எட்டுப் பிள்ளைகள். பெரிய கணக்கில்லை. ஆனால் ஒரு மாதம் தவறியதில்லை. கொரோனாவுக்கு ஊர் அடைபட்டுக் கிடந்தபோதுகூட என்னிடம் கைமாற்று வாங்கிப் போட்டா. "பாட்டில சங்கதி பிழைச்சாச் சமாளிக்கலாம் மாஸ்டர், தாளம் பிழைச்சாச் சபையே திரும்பிப் பாக்கும்" என்றா. கணக்கு வாத்தியான எனக்கு இது உடனே விளங்கியது என்று சொல்ல முடியாது.

விளங்கியது பிறகு, பிள்ளைகளோடு பழகியபோது. எங்கள் பிள்ளை விழுகிற இடங்கள் உங்களுக்குத் தெரிவதில்லை. பெறுபேறு வந்த நாளில் நீங்கள் முகநூலில் வாழ்த்துகிறீர்கள். அதற்குப் பிறகு வெட்டுப்புள்ளி வர வேண்டும், பதிவு நடக்க வேண்டும், வகுப்புத் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் இழுபடும் அந்த இடைவெளியில் மெற்ஸ் படித்த பெடியன் கடையில் நிற்கிறான் அல்லது வயலுக்கு மருந்தடிக்கிறான். உழைத்த காசு வீட்டுக் கடனுக்குப் போய்விடும். கம்பஸ் தொடங்கும்போது வெறுங்கை. கம்பஸ் பிள்ளைகளுக்கான மகாபொலப் புலமைப்பரிசில் கிடைத்தாலும் முதல் காசு கைக்கு வர மாதங்கள் பிடிக்கும். நெடுங்காலம் 5,000 ரூபாயாக இருந்த மகாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. போர்டிங், சாப்பாடு, கணினி, பயிற்சிக்காகக் கொழும்பில் போய்த் தங்கும் மாதங்கள் என்று வரிசையாக நிற்கும்போது அது எந்த மூலைக்கு?

அதைவிடப் பெரிய குழி முதலாம் அரையாண்டு. பதின்மூன்று வருசம் தமிழில் படித்த பிள்ளை ஒரே நாளில் ஆங்கில விரிவுரைக்குள் விழுகிறது. ரீச்சர் உதவிய பிள்ளைகளில் ஒரு பெண், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், தாய் அறிவியல்நகரிலேயே ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலையில் தாயும் மகளும் ஒரே வீதியில்தான் போவார்கள், தாய் ஒரு வாசலுக்குள், மகள் மற்ற வாசலுக்குள். முதல் அரையாண்டில் மகள் மூன்று பாடத்தில் தவறிவிட்டாள். அவளுக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் அமைப்பு பெரிய உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. சான்றிதழைக் கேட்டார்கள், பார்த்தார்கள், "நிபந்தனை மீறப்பட்டதால்" நிறுத்தினார்கள். மேடையில் அவளோடு நின்று படம் எடுத்தவர்கள்தான். படம் இன்றைக்கும் அவர்களின் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் செய்தி வந்த மாதம்தான் ரீச்சரின் பட்டியலில் அவள் சேர்ந்தாள். "பாஸ் பண்ணுறவளுக்குக் காசு ஏன்? பெயில் விட்டவளுக்குத்தான் வேணும்" என்று சொல்லி, அவளுக்கு ஆங்கில வகுப்புக்கும் சேர்த்து 2,000 கூடப் போட்டா. மூன்று பாடத்தையும் அடுத்த முறை எழுதி எடுத்தாள். இப்போது கடைசி வருசம்.

ஆகவே உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஐந்தாவது நிபந்தனை, "எந்தப் பாடத்திலும் தவறாதிருத்தல் வேண்டும்", அதை வெட்டிவிடுங்கள். கூடிய இசட் புள்ளிக்காரர் பத்துப் பேர் என்பதையும் வெட்டுங்கள். கூடிய புள்ளி எடுப்பவனைத் தேடி நாலு அமைப்பு வரும். வெட்டுப்புள்ளியில் தொங்கிக்கொண்டு உள்ளே போகிறவனைத் தேடி ஒருவரும் வருவதில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலும் பின்தங்கிய மாவட்டம் என்ற ஒதுக்கீட்டில் வருகின்றன. அப்படி எடுபடுகிறவன் அங்கே போய் முதல் வருசம் தன்னைத் தானே குறைவாக நினைத்துக்கொள்கிறான். அவனிடம் போய் உன் புள்ளி என்ன என்று நீங்களும் கேட்க வேண்டாமே.

இனி ஏழாவது நிபந்தனை. "வன்னியைப் பிறப்பிடமாகக் கொண்ட தமிழ் மாணவர்களுக்கு மட்டும்." இதில் நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அறிவியல்நகருக்கு நாடு முழுக்க இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், தெரிந்ததுதான். 2022இல் எங்கள் பெடியன் ஒருவனின் போர்டிங்கில் அநுராதபுரப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒன்று. தகப்பன் நெல் விவசாயி. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்களே, அந்தக் காலபோகத்தில் விளைச்சல் படுத்துவிட்டது. பிள்ளை ஒருநேரச் சாப்பாட்டோடு படித்துக்கொண்டிருந்ததை எங்கள் பெடியன் ரீச்சருக்குச் சொல்லிவிட்டான். ரீச்சர் பட்டியலில் சேர்த்துவிட்டா. நான் போய்ச் சண்டை பிடித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கே காணாது, 2009இல் நாங்கள் பட்டது மறந்துபோச்சோ என்றெல்லாம் கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பசி மாஸ்டர். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை" என்றா. எனக்கு அன்றைக்கு ஆத்திரம் ஆறவில்லை. இன்றைக்கும் முழுதாக ஆறியது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவவின் பெயரைப் போட்டுவிட்டு அந்த நிபந்தனையைப் போட முடியாது. ஒன்றை எடுங்கள்.

எட்டுப் பேரில் நாலு பேர் படித்து முடித்துவிட்டார்கள். கலவை குழைத்தவன் தோஹாவில். மாதாமாதம் ஒரு பிள்ளையின் காசை அவனே அனுப்புகிறான், அதனால் ரீச்சருக்கு இப்போது மூன்று பேர்தான் பாரம். ஒருத்தி வீதி அபிவிருத்தியில் வேலை. மூன்றாமவன் கொழும்பில். நாலாமவன் வெளிநாடு போனபிறகு ஒரு அழைப்புக்கூட இல்லை. நான் கொதித்தேன். ரீச்சர் சிரித்தா. "என்னட்டப் பாட்டுப் படிச்சவையெல்லாம் வந்து பாடிக் காட்டினவையோ?"

சரி, காரியத்துக்கு வருகிறேன். நிதியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் காசு இருக்கிறது, இங்கே தேவை இருக்கிறது. இரண்டு வருசத்துக்கு முன் பாடசாலை வாசலில் வளைவு ஒன்று கட்டினீர்கள். செலவு 18 இலட்சம் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய்ப்படி ஒரு பிள்ளைக்கு நாலு வருசம், நாற்பத்தெட்டு மாதம், 2,40,000. வளைவுக்குப் போன காசில் ஏழு பிள்ளைகள் முழுதாகப் படித்து முடித்து, எட்டாவது பிள்ளை பாதிவழி வந்திருக்கும். இந்தப் பெருக்கலை நான் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது, கணக்கு வாத்தி என்று பெயர் எடுத்தாயிற்று.

எடுக்கும் பிள்ளைக்கு நாலு வருசமும் கொடுக்க முடியுமென்றால் மட்டும் எடுங்கள். ஒரு வருசம் கொடுத்துவிட்டுப் புதிய நிர்வாகம் வந்து கைவிடுவதைவிடத் தொடாமல் இருப்பது நல்லது. போர்டிங்கை நம்பி எடுத்த பிள்ளை நடுவில் தெருவுக்கு வரும். பத்துப் பேர் வேண்டாம், கிளைக்கு ஒரு பிள்ளை போதும். பெறுபேறு வந்த மாதமே தொடங்குங்கள், கம்பஸ் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். காசு பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும், என் கைக்கும் வேண்டாம், அதிபர் கைக்கும் வேண்டாம். படம் வேண்டாம். "உங்களைப்போல் நானும் வருவேன்" என்று பிள்ளையைக் கொண்டு கடிதம் எழுதுவிக்க வேண்டாம். பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தந்தப் பாடசாலைகளின் கணித ஆசிரியர்களைக் கேளுங்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

ரீச்சரின் பெயர் எதிலும் வராது. அது அவ சொன்னது. மீதி எல்லாம் நான் சொல்வது.

கடைசியாக ஒன்று, இது ரீச்சருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய காசில் பாடசாலையில் இரண்டு வகுப்பறைக்குத் திரையும் கணினியும் வந்துவிட்டன, நன்றி. அதே கட்டடத்தின் கடைசி அறை சங்கீத அறை. கூரையில் நாலு ஓடு இல்லை. ஆர்மோனியத்தில் மூன்று கட்டை எழும்பாது. வீணையில் தந்தி இல்லாமல் இரண்டு வருசமாகிறது. இப்போது இருக்கும் சின்ன ரீச்சர் கைபேசியில் தம்புரா போட்டுத்தான் பிள்ளைகளைப் பாட வைக்கிறா. விழாவுக்கென்று ஒதுக்கிய காசில் மண்டப அலங்காரம், பொன்னாடை, பதாகை, சாப்பாடு என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பட்டியலில் உள்ளதை இந்த அறைக்கு மாற்றிவிடுங்கள். கல்வெட்டு வேண்டாம். நான் எடுத்த பாடவேளைகளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தையில் வந்தால் ரீச்சரைப் பார்க்கக் கட்டாயம் போங்கள். சந்தோசப்படுவா, முருங்கன் அரிசியில் சோறும் கட்டுக்கரை மீனும் கிடைக்கும், சுவர் வெடிப்பையும் காட்டுவா. பத்தாந் திகதி மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு அவ வங்கி வரிசையில் நிற்பா.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணித மாஸ்டர்
கிளிநொச்சி